மறுப்பை எதிர்கொள்ளல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பள்ளியில் நாம் எழுதும் விடைக்கு மதிப்பெண் கிடைக்கிறது. பணியிடத்தில் நாம் கூறும் புதிய கருத்துக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் மறுப்பே. 'இது நடக்காது', 'இதற்கு என்ன சான்று?', 'முன்பே செய்து பார்த்தாயிற்று' என்னும் சொற்களைக் கேளாமல் பணியாற்றியவர் அரியர். அவற்றைக் கேட்டுச் சோர்ந்து ஒதுங்குவோரும் உளர். சினந்து பகை வளர்ப்போரும் உளர். மறுப்பு எதைப் பற்றியது என ஆராய்ந்து, அதற்கேற்ற விடையைத் தேடுவோர் சிலரே. அவ்வாறு ஆராயும் முறையை அறிவியல் வரலாற்றின் மூன்று நிகழ்வுகள் வழியே இப்பாடம் விளக்குகிறது.

தமிழ் மரபில் மறுப்பு

ஒரு கருத்தை அவையில் வைத்து, அறிஞர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறி நிறுவுதல் தமிழர்க்குப் புதியதன்று. புதிய நூலைச் சான்றோர் அவையில் அரங்கேற்றுவது நம் மரபு. அவையினர் ஐயம் எழுப்புவர். நூலாசிரியர் விடை கூறுவார். தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பனம்பாரனார் இயற்றிய பாயிரம் கூறுகிறது. உரையாசிரியர்களும் தமக்கு முன்னிருந்தோர் கருத்தை மறுக்குமிடத்து, அக்கருத்தை முதலில் எடுத்துக்காட்டிப் பின்னரே அது பொருந்தாமைக்குக் காரணம் கூறுவர்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் பிறர் கருத்தோடு கொள்ளும் தொடர்பை எழுவகை மதங்களாகப் பகுக்கிறது. இங்கு மதம் என்னும் சொல் கொள்கை என்னும் பொருளில் வருகிறது. பிறர் கொள்கைக்கு உடன்படுவது முதலாவது, மறுப்பது இரண்டாவது, முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் நீக்குவது மூன்றாவது. தாமே ஒன்றை நாட்டி அதனை நிலைபெறச் செய்வதும், இருவர் முரண்பட்டவிடத்து ஒன்றைத் துணிவதும், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதும், பிறர் கொள்கையோடு சேராமல் தம் கொள்கையைக் கொள்வதும் ஏனைய நான்கு. உடன்படுவதையும் மறுப்பதையும் நன்னூலார் ஒரே வரிசையில் வைத்தமை நோக்கத்தக்கது. மறுத்தலை அவர் பகைமையாகக் கருதவில்லை. அறிவுச் செயல்களுள் ஒன்றாகவே எண்ணினார்.

இந்நோக்கு இருந்தால், நம் கருத்தை ஒருவர் மறுக்கும்போது 'இவர் ஏன் என்னை எதிர்க்கிறார்?' என்று கேட்கமாட்டோம். 'இவர் என் கருத்தின் எப்பகுதியை ஏற்கவில்லை?' என்று கேட்போம். இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலான வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை இனி வரும் நிகழ்வுகள் காட்டும்.

வியன்னா மருத்துவமனை

ஹங்கேரி நாட்டவரான இக்னாஸ் செம்மல்வைஸ், 1846இல் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவின் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராகப் பணியேற்றார். அங்கு இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். முதற்பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துத் தாய்மார் பேறுகாலக் காய்ச்சலால் இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இரண்டும் ஒரே மருத்துவமனையைச் சேர்ந்தவை. அப்படியிருக்க, இவ்வேறுபாடு ஏன் என்னும் கேள்வி அவரை வாட்டியது.

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிணக்கூறாய்வின்போது கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட நோய்க்குறிகள், இறந்த தாய்மார் உடலில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. முதற்பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் பிணக்கூறாய்வு செய்த கையோடு தாய்மாரைச் சோதிக்க வருவதைச் செம்மல்வைஸ் எண்ணிப் பார்த்தார். நோயைக் கொணர்வது மருத்துவர் கைகளே என்று முடிவு செய்தார். அவ்வாண்டு மே திங்கள் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவுதல் கட்டாயமாக்கப்பட்டது. ஏப்பிரல் திங்களில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு, கோடைத் திங்களில் ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது.

இத்துணைத் தெளிவான சான்று இருந்தும் மூத்த மருத்துவர் பலர் இக்கருத்தை ஏற்கவில்லை. நுண்ணுயிரிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை அன்று நிலைபெறவில்லை. எனவே, 'கண்ணுக்குத் தெரியாத துகள் எவ்வாறு கொல்லும்?' என்று கேட்டனர். அக்கேள்விக்குப் பின்னால் வெளியே சொல்லப்படாத மற்றொன்றும் இருந்தது. நோய் தீர்க்கும் தம் கைகளே உயிரைப் பறித்தன என்பதை ஏற்க எந்த மருத்துவர் மனம்தான் எளிதில் உடன்படும்?

செம்மல்வைஸ் அம்மறுப்பை எதிர்கொண்ட முறையில் குறை இருந்தது. அவர் தம் கண்டுபிடிப்பைத் தாமே எழுதி வெளியிடாமல் நெடுங்காலம் தாழ்த்தினார். அவருக்காக அவருடைய நண்பர்களே கட்டுரை எழுதினர், உரையாற்றினர். அதனால் பிறர் அவர் கருத்தைத் திரிபுடன் அறிந்துகொள்ள இடமேற்பட்டது. 1850இல் அவர் வியன்னாவைவிட்டுத் திடீரென நீங்கியது, அவருக்குத் துணைநின்ற மூத்தோரையும் வருந்தச் செய்தது. அவருடைய விரிவான நூல் 1861இல்தான் வெளிவந்தது. அந்நூலும் எதிர்ப்பைச் சந்தித்தபோது, தம்மை மறுத்த பேராசிரியர்களைக் கொலைகாரர் எனச் சாடித் திறந்த மடல்கள் எழுதினார். 1865இல், தம் 47ஆம் அகவையில், மனநல விடுதியொன்றில் அவர் இறந்தார். அதன்பின்னரே பாஸ்டர், லிஸ்டர் ஆகியோர் ஆய்வுகளின் துணையால் அவர் கருத்து வலுப்பெற்றது.

அவரை மறுத்தோரின் பிடிவாதம் மன்னிக்கத்தக்கதன்று. எண்கள் கண்முன் இருந்தும் அவற்றை எண்ணிப் பார்க்க அவர்கள் மறுத்தனர். எனினும் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. ஒருவரைக் கொலைகாரர் என்று அழைத்தபின், அவர் தம் கைகளைக் கழுவ முன்வருதல் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். அவர் திரும்பி வருவதற்கான வழியைச் செம்மல்வைஸின் சொற்களே அடைத்தன. அவர் கூறியது உண்மையே. அவ்வுண்மையால் காக்கப்படவேண்டிய தாய்மார் பலர், இடைப்பட்ட ஆண்டுகளில் தொடர்ந்து இறந்தனர். மறுப்பை எதிர்கொள்ளும் முறை பேச்சுத்திறன் பற்றியது மட்டுமன்று. சில பணிகளில் அது உயிர் பற்றியது.

இலண்டன் அவை

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் இலாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோதே விண்மீன்களின் இறுதிநிலை குறித்துக் கணக்கிடத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன், வெண்குறுமீன் என்னும் சுருங்கிய நிலையை அடையும். அவ்வாறு நிலைபெறுவதற்கு நிறையில் ஓர் எல்லை உண்டு என்றும், கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட விண்மீன் அந்நிலையில் தங்காது என்றும் அவர் கண்டறிந்தார்.

1935 சனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு அகவை 24. அவரையடுத்துப் பேசியவர், அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞரான ஆர்தர் எடிங்டன். சந்திரசேகரின் கணக்கை அதற்கு முந்தைய திங்கள்களில் அருகிருந்து கேட்டறிந்தவர் அவர். ஆயினும் தாம் மறுக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லவில்லை. விண்மீன் அவ்வாறு முடிவின்றிச் சுருங்குவது பொருளற்றது என்றும், அதனைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் விதி இருக்கவேண்டும் என்றும் எடிங்டன் நகைச்சுவையுடன் பேசினார். அவையினர் நகைத்தனர். சந்திரசேகருக்கு மறுமொழி கூறும் வாய்ப்பும் அங்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் சந்திரசேகர் செய்தவை கருதத்தக்கவை. எடிங்டனின் வாதத்தில் உண்மை உள்ளதா என அறிய, அத்துறையில் வல்லவர்களான இயற்பியலறிஞர்களிடம் கணக்கை அனுப்பிக் கருத்துக் கேட்டார். அவர்கள் அவர் பக்கமே சரி என்றனர். ஆயினும் எடிங்டனை வெளிப்படையாக மறுக்க முன்வரவில்லை. பின்னர் அவர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். தம் முடிவுகளையெல்லாம் வேண்டுவோர் எவரும் படித்துச் சரிபார்க்கத்தக்க முழுநூலாக 1939இல் வெளியிட்டார். பின்னர்ப் பூசலைத் தொடராமல் வேறோர் ஆய்வுத்துறைக்குச் சென்றார்.

எடிங்டனோடு அவர் கொண்டிருந்த மதிப்பும் நட்பும் முறியவில்லை. எடிங்டன் 1944இல் மறைந்தபோது அவரைப் போற்றி உரைத்தவர் சந்திரசேகரே. எடிங்டனின் நூற்றாண்டையொட்டி 1982இல் கேம்பிரிட்ஜில் அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவரும் அவரே. அதற்கு அடுத்த ஆண்டு, விண்மீன்களின் அமைப்பும் வளர்ச்சியும் பற்றிய ஆய்வுகளுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அவர் கண்ட நிறை எல்லை இன்று 'சந்திரசேகர் எல்லை' என வழங்கப்படுகிறது.

இந்நிகழ்வைப் பொறுமையின் வெற்றி என்று மட்டும் எண்ணிவிடலாகாது. ஒரு பெரியவரின் பெயர் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், ஓர் உண்மை உரிய காலத்தில் வளர்த்தெடுக்கப்படவில்லை. அவ்விழப்பு அறிவியலுக்கு உரியது. சந்திரசேகர் தம் அளவில் காத்துக்கொண்டவை இரண்டு: ஒன்று, சரிபார்க்கத்தக்க வடிவில் எழுதிவைத்த சான்று; மற்றொன்று, ஒரு மறுப்பால் முடங்கிவிடாத பணிவாழ்வு.

நிலவுப் பயணம்

மனிதரை நிலவில் இறக்கிப் பத்தாண்டு முடிவதற்குள் திருப்பிக் கொணரவேண்டும் என அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1961 மே 25 அன்று அறிவித்தார். எவ்வழியில் செல்வது என்பதில் நாசா நிறுவனத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. மாபெரும் ஏவூர்தி ஒன்றில் நேரே சென்று இறங்குவது ஒரு வழி. கலத்தின் பகுதிகளைப் புவியின் சுற்றுப்பாதையில் ஒன்றுசேர்த்து அங்கிருந்து செல்வது மற்றொரு வழி. தாய்க்கலத்தை நிலவின் சுற்றுப்பாதையில் நிறுத்திவிட்டுச் சிறிய கலத்தில் இறங்கி, மீண்டும் மேலேறித் தாய்க்கலத்தை அடைவது மூன்றாம் வழி.

இம்மூன்றாம் வழியை வலியுறுத்தியவர், நாசாவின் லாங்லி ஆய்வு மையத்துப் பொறியாளர் ஜான் ஹூபோல்ட். அவ்வெண்ணம் அவருக்கு முன்னரும் சிலருக்குத் தோன்றியதே. அதனை அலுவலகக் கூட்டங்கள்தோறும் எடுத்துச் சென்றவர் அவர். வெள்ளியங்கிரி மலை ஏறுவோர் தம் மூட்டை முடிச்சுகளை அடிவாரத்தில் வைத்துவிட்டு, வேண்டிய உணவையும் நீரையும் மட்டும் சுமந்து செல்வதை ஒத்தது அது. திரும்பும் பயணத்துக்குரிய எரிபொருளையும் வெப்பக் காப்பையும் நிலவில் இறக்கி ஏற்றவேண்டியதில்லை. அதனால் எடை பெரிதும் குறையும். ஒரே ஏவூர்தி போதும்.

1960இன் இறுதியில் அவர் இதனை விளக்கியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. விண்கல வடிவமைப்பில் பெயர்பெற்ற பொறியாளர் ஒருவர், அவருடைய கணக்கே பொய் என்னும் அளவுக்குச் சாடினார். அம்மறுப்பில் பொருள் இல்லாமலில்லை. விண்வெளியில் இரு கலங்கள் சந்திக்கும் செயலை அதுவரை எவரும் செய்து பார்த்ததில்லை. அச்செயலைப் புவியிலிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் செய்யவேண்டும். அங்குத் தவறினால் வீரர்கள் திரும்புதற்கு வேறு வழியே இல்லை. இறங்குகலத்தின் எடை குறித்து ஹூபோல்ட் தொடக்கத்தில் மதிப்பிட்டவையும் மிகக் குறைவானவையே. பின்னாளில் நிலவில் இறங்கிய கலம், எரிபொருளோடு ஏறத்தாழ 15 டன் எடையுள்ளதாயிற்று.

கூட்டங்களிலும் குழுக்களிலும் பலமுறை எடுத்துக் கூறியும் பயன் இல்லாதபோது, 1961 நவம்பரில் அவர் நாசாவின் உயர் அலுவலரான ராபர்ட் சீமன்ஸுக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதினார். பல படிநிலைகளைத் தாண்டி எழுதுகிறோம் என்பதை அக்கடிதத்திலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சீமன்ஸ் அதனைப் புறந்தள்ளாமல் உரியவர்களிடம் அனுப்பி ஆராயச் செய்தார். முன்னர் எதிர்த்த குழுவினரும் தாமே கணக்கிட்டுப் பார்த்தனர். அவ்வாறு பார்த்தபின் சிறிது சிறிதாக மனம் மாறினர்.

1962 சூன் 7 அன்று, ஏவூர்தி வல்லுநரான வெர்னர் வான் பிரவுன் மூன்றாம் வழியை ஏற்பதாக அறிவித்தார். அவருடைய மையம் அதுவரை இரண்டாம் வழியையே ஆதரித்து வந்தது. அவ்வழியில் ஏவூர்திகள் மிகுதியாக வேண்டியிருக்கும் என்பதால், அம்மையத்துக்கு அதுவே ஏற்றதாகவும் இருந்தது. எனினும், உரிய காலத்தில் செய்து முடிக்கத்தக்கது எது என்பதையே அவர் நோக்கினார். அடுத்த திங்களில் நாசா இம்முடிவை வெளியிட்டது. 1969 சூலை 20 அன்று மனிதர் நிலவில் இறங்கியது இவ்வழியில்தான்.

தெரிந்து தெளிவோம்

விண்வெளியில் இரு கலங்களை அருகருகே கொணரும் சந்திப்பை, 1965 திசம்பரில் ஜெமினி 6, ஜெமினி 7 ஆகிய கலங்களைக் கொண்டு நாசா நிகழ்த்தியது. இரு கலங்களை இணைக்கும் செயல் 1966 மார்ச்சில் ஜெமினி 8 பயணத்தில் முதன்முறையாக நிறைவேறியது. ஹூபோல்டின் கருத்துக்கு எழுந்த மறுப்பு, இவ்வாறு செய்முறையில் விடை பெற்றது.

மறுப்பின் வகைகள்

மேற்கண்ட மூன்று நிகழ்வுகளிலும் எதிர்ப்பு ஒரே தன்மையதாக இல்லை. நோய்க்கேற்ப மருந்து மாறுவதுபோல, மறுப்பின் வகைக்கேற்ப மறுமொழியும் மாறவேண்டும். பணியிடத்தில் எழும் மறுப்புகளைப் பெரும்பாலும் நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, தேவை பற்றியது: 'இப்போது நன்றாகத்தானே நடக்கிறது, மாற்றம் எதற்கு?' இரண்டாவது, சான்று பற்றியது: 'நீங்கள் கூறுவது உண்மை என எவ்வாறு நம்புவது?' மூன்றாவது, செயற்படுத்துதல் பற்றியது: 'இதற்கு ஆளும் பணமும் காலமும் எங்கே?' நான்காவது, ஆள் பற்றியது: 'இதைச் சொல்ல நீங்கள் யார்?'

தேவை பற்றிய மறுப்புக்கு, இப்போது நேரும் இழப்பைக் காட்டவேண்டும். சான்று பற்றிய மறுப்புக்கு, எதிர்ப்பவர் தாமே சோதிக்கத்தக்க வடிவில் சான்றை அளிக்கவேண்டும். செயற்படுத்துதல் பற்றிய மறுப்புக்கு, சிறிய அளவில் செய்து பார்க்க இசைவு கேட்கவேண்டும். ஆள் பற்றிய மறுப்புக்குச் சொல்லால் விடை கூறுதல் அரிது. அதற்குப் பணியின் நேர்த்தியே விடை.

ஒரு வகை மறுப்பு மற்றொரு வகையின் ஆடையை அணிந்தும் வருவதுண்டு. வியன்னா மருத்துவர்கள் சான்று கேட்டனர். அவர்கள் மனத்தை உறுத்தியதோ தம் மதிப்பு. அத்தகைய இடத்தில் சான்றை மட்டும் மேலும் மேலும் குவித்தல் போதாது. மதிப்பை இழக்காமல் அவர்கள் மாறுவதற்கு ஒரு வழியும் அமைத்துத் தரவேண்டும்.

ஒரு பின்னலாடைக் கூடம்

நம் சூழலில் இதனைப் பொருத்திப் பார்ப்போம். திருப்பூரின் பின்னலாடை நிறுவனமொன்றில் இளைஞர் ஒருவர் புதிதாகப் பணியில் சேர்ந்துள்ளார் எனக் கொள்வோம். துணியில் உள்ள ஓட்டை, எண்ணெய்க் கறை, நிற வேறுபாடு ஆகியவை தையல் முடிந்தபின்னரே கண்டறியப்பட்டு, முழு ஆடையும் கழிக்கப்படுவதை அவர் காண்கிறார். வெட்டுவதற்கு முன்பே துணியைச் சோதிக்கலாம் என்று மேற்பார்வையாளரிடம் கூறுகிறார்.

"தம்பி, கப்பலில் சரக்கு ஏற்றும் நாள் குறித்தாயிற்று. இப்போது ஒவ்வொரு சுருளாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? இதற்கென்று தனியாக ஆள் போட முதலாளி ஒப்புக்கொள்வாரா?" என்கிறார் மேற்பார்வையாளர்.

இளைஞர் இதனைத் தம்மீது வந்த பழியாகக் கொண்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். ஆராய்ந்தால், இதில் இரண்டு கேள்விகள் இருப்பது தெரியும். ஒன்று காலம் பற்றியது. மற்றொன்று செலவு பற்றியது. துணியில் குறை இல்லை என்று மேற்பார்வையாளர் கூறவில்லை. கழிவு நேர்வதை அவரும் அறிவார். எனவே, உடன்பாடு உள்ள இடத்திலிருந்து தொடங்கவேண்டும்.

"நீங்கள் சொல்வது சரிதான், ஐயா. சரக்கு குறித்த நாளில் போய்ச்சேரவேண்டும். ஒரே ஒரு வெட்டு மேசைக்கு மட்டும், ஒரு வாரத்துக்கு, என் வேலையோடு சேர்த்து நானே துணியைப் பார்த்துத் தருகிறேன். அந்த மேசையில் கழிந்த ஆடைகளையும் மற்ற மேசைகளில் கழிந்தவற்றையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். பயனில்லை என்றால் விட்டுவிடுவோம்" என்று அவர் கூறலாம்.

இம்மறுமொழியில் நான்கு கூறுகள் உள்ளன. எதிர்ப்பவரின் கவலையை அது ஏற்கிறது. செலவையும் இடரையும் சிறிய அளவில் கட்டுப்படுத்துகிறது. எண்ணிப் பார்க்கும் பொறுப்பை எதிர்ப்பவரிடமே ஒப்படைக்கிறது. தம் கருத்து தவறாகிப் போவதற்கும் இடம் விடுகிறது. நாசாவில் எதிர்த்தவர்கள் தாமே கணக்கிட்டபோதுதான் மனம் மாறினர் என்பதை இங்கு நினைவுகூர்க. பிறர் சொல்லிக் கேட்ட எண்ணைவிடத் தாம் எண்ணிக் கண்ட எண்ணையே மனிதர் நம்புவர்.

ஒருவாரச் சோதனையில், துணியைப் பார்க்கும் நேரம் கழிவால் மிஞ்சும் பயனைவிட மிகுதி எனத் தெரியவரலாம். அப்போது இளைஞர் தம் கருத்தைக் கைவிடுவதே முறை. அவ்வாறு கைவிட்டவர் அடுத்தமுறை ஒன்றைக் கூறும்போது, மேற்பார்வையாளர் செவிசாய்ப்பார்.

எதில் வளைவது? எதில் நிற்பது?

மறுப்பு எழும்போதெல்லாம் விட்டுக்கொடுப்பதும் முறையன்று. எக்காலும் விட்டுக்கொடாமையும் முறையன்று. கருத்தின் உயிர்ப்பகுதி எது, மாற்றத்தக்க பகுதி எது என முன்னரே பகுத்துக்கொள்ளவேண்டும். ஹூபோல்டின் எடைக்கணக்கு மாறியது. கலத்தின் வடிவம் மாறியது. நிலவின் சுற்றுப்பாதையில் சந்திப்பது என்னும் அடிப்படை மாறவில்லை. தம் எண்கள் ஒவ்வொன்றையும் காக்க முனைபவர், அவ்வெண்களுள் ஒன்று தவறும்போது அடிப்படையையும் சேர்த்து இழப்பார்.

பிறர் உயிருக்கோ உடல்நலத்துக்கோ தீங்கு நேரும் என்று சான்றுடன் அறிந்தால், 'மேலிடத்தில் ஏற்கவில்லை' எனக் கூறி அமைதி கொள்வது பொருந்தாது. அங்குப் படிநிலையைத் தாண்டவும் நேரலாம். அதற்கும் முறை உண்டு. உரிய படிகளில் முதலில் முயலவேண்டும். பின்னர், தாண்டுவதை மறைக்காமல், பெயரிட்டு, எழுத்தில், சான்றுடன் எழுதவேண்டும். எவரையும் இழித்துரைத்தல் கூடாது.

மறுப்போர்க்கும் கடமை உண்டு

இன்று கருத்துக் கூறும் இடத்தில் இருப்போர், நாளை கருத்துக் கேட்கும் இடத்துக்கு வருவர். வகுப்புத் தலைவராகவோ குழுத் தலைவராகவோ இருக்கும் மாணவர்க்கு அந்நிலை இப்போதே வாய்த்திருக்கும். எடிங்டனின் மறுப்பில் குறை யாது? மறுத்தது குறையன்று. இளையவர் விடை கூற இடமின்றி, நகைப்பைச் சான்றின் இடத்தில் வைத்ததே குறை. சீமன்ஸ் தமக்கு வந்த கடிதத்தை ஆராய அனுப்பினார். வான் பிரவுன் தம் மையத்தின் நலனைக் கடந்து நோக்கினார். மறுக்கும் உரிமை உடையவர், மறுமொழியைக் கேட்கும் கடமையும் உடையவர்.

நல்ல கருத்து எழுந்த இடத்திலேயே வென்றுவிடுவதில்லை. அதனை ஐயுறுவோர் கையில் கொடுத்து, புரட்டிப் பார்க்கச் செய்து, அவர்கள் கண்ட குறையைத் திருத்தி, மீண்டும் அவர்கள் முன் வைக்கவேண்டும். அரங்கேற்ற மரபைக் கொண்ட மொழியில் பயிலும் நமக்கு இவ்வழி பழகிய வழியே. நாளை நீங்கள் பணியாற்றும் கூடத்திலோ அலுவலகத்திலோ ஒருவர் 'இது நடக்காது' என்று கூறும்போது, 'எந்தப் பகுதி நடக்காது என்று கருதுகிறீர்கள்?' என்று அவரிடம் கேளுங்கள். அவர் கூறும் விடையிலிருந்து உங்கள் அடுத்த வேலை தொடங்கும்.

அருஞ்சொற்பொருள்

மதம் – கொள்கை. துணிதல் – உறுதியாக முடிவு செய்தல். அகவை – வயது. திங்கள் – மாதம். இசைவு – ஒப்புதல். இழித்துரைத்தல் – தாழ்வாகப் பேசுதல்.

இலக்கணக்குறிப்பு

நன்னூல் – பண்புத்தொகை
எதிர்ப்பவர் – வினையாலணையும் பெயர்
சொல்லப்படாத – எதிர்மறைப் பெயரெச்சம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் செய்யத்தக்க மாற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எழக்கூடிய மறுப்புகளை நால்வகையாகப் பகுத்து எழுதுக.
2. வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு கருத்தை முன்வைக்க, மற்றொரு குழு மறுக்குமாறு கலந்துரையாடல் நிகழ்த்துக. மறுமொழி கூறுமுன், எதிர்க்குழுவின் மறுப்பை அவர்கள் ஏற்கும் வண்ணம் திருப்பிக் கூறவேண்டும் என்பதை விதியாகக் கொள்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நன்னூல் கூறும் மதங்களின் எண்ணிக்கை
அ) ஐந்து ஆ) ஏழு இ) ஒன்பது ஈ) பத்து

2. 'எண்ணிப் பார்க்கும் பொறுப்பை எதிர்ப்பவரிடமே ஒப்படைத்தல்' எவ்வகை மறுப்புக்கு ஏற்ற விடை?
அ) தேவை பற்றியது ஆ) சான்று பற்றியது இ) ஆள் பற்றியது ஈ) இவற்றுள் எதுவுமில்லை

குறுவினா

1. பேறுகாலக் காய்ச்சலுக்கான காரணத்தைச் செம்மல்வைஸ் எவ்வாறு உய்த்துணர்ந்தார்?
2. நிலவின் சுற்றுப்பாதையில் சந்திக்கும் முறையால் எடை குறைவது ஏன்?

சிறுவினா

1. எடிங்டனின் மறுப்புக்குப்பின் சந்திரசேகர் மேற்கொண்ட செயல்களை மதிப்பிடுக.
2. ஹூபோல்டை எதிர்த்தோரின் வாதத்தில் இருந்த நியாயத்தை எடுத்துக்காட்டுக.

நெடுவினா

செம்மல்வைஸ், ஹூபோல்ட் ஆகிய இருவரும் மறுப்பை எதிர்கொண்ட முறைகளை ஒப்பிட்டு, பணியிடத்தில் கருத்து வேறுபாட்டைக் கையாளும் நெறிகளை விளக்குக.